கருப்பு வெள்ளை இங்க்ஜெட் பிரின்ட்: சன்னலோரம் பச்சை, விளக்கடியில் சிவப்பு. எந்தச் சாம்பலை நம்புவது?

#1 மைத்துளி

வணக்கம் நண்பர்களே. ஆறு நிற டை இங்க் (கரைந்த சாய மை) பிரின்டர் வைத்திருக்கிறேன். சயான், மெஜந்தா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மெஜந்தா, கருப்பு. கலர் படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருப்பு வெள்ளைக்கு வந்தால்தான் வம்பு. திரையில் சுத்தமான சாம்பல். க்ளாஸி தாளில் அடித்துச் சன்னலோரம் எடுத்துப் போனால் நடுச்சாம்பல் முழுக்க லேசான பாசிப்பச்சை. ராத்திரி மேசை விளக்கின் கீழே அதே தாள் செம்பழுப்பு. பச்சையைக் குறைக்க டிரைவரில் மெஜந்தாவை ஏற்றினால் பகலில் சரியாகிறது, ராத்திரியில் முகமெல்லாம் ரோஜா நிறம்.

மானிட்டரைக் கேலிபரேட் செய்திருக்கிறேன். ஃபைலில் எங்கே தொட்டாலும் ஆர்ஜிபி மூன்று எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. அப்புறம் இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? எந்த வெளிச்சத்தில் தெரிவதை வைத்துத் திருத்துவது?

#2 நெகட்டிவ்_மனசு

முதல்ல நாசில் செக் (இங்க் வர்ற துளை அடைச்சிருக்கான்னு காட்டற சோதனைப் பக்கம்) அடிச்சுப் பாருங்க தம்பி. கலர் படத்துல நாலு நாசில் அடைச்சிருந்தாகூட கண்ணுக்குத் தெரியாது. கருப்பு வெள்ளைல உடனே காட்டிக் கொடுத்துடும். வெளிர் மெஜந்தா குறைஞ்சா பச்சை, வெளிர் சயான் குறைஞ்சா சிவப்பு, மஞ்சள் குறைஞ்சா நீலம்.

அடுத்தது ரெட்டைத் திருத்தம். போட்டோஷாப்ல ப்ரொஃபைல் (அந்தத் தாளுக்கும் இங்க்குக்கும் ஏத்த நிறத் திருத்த ஃபைல்) கொடுத்துட்டு டிரைவர்லயும் கலர் கரெக்‌ஷனை ஆன்ல விட்டா ஒரே படத்துக்கு ரெண்டு தடவை திருத்தம் நடக்கும். பெரும்பாலும் மெஜந்தா பக்கம் போய் நிக்கும். ஆப் பாத்துக்கிட்டா டிரைவர் சும்மா இருக்கணும்.

அப்புறம், அடிச்ச சூட்டோட பாத்து முடிவு பண்ணாதீங்க. டை இங்க் காயக் காய நிறம் நகரும். ஒரு நாள் போகட்டும்.

#3 மைத்துளி

நன்றி அண்ணா. நாசில் செக்கில் ஒரு கோடுகூட விடுபடவில்லை. டிரைவரில் திருத்தம் அணைத்துத்தான் இருக்கிறது, ப்ரொஃபைல் ஆப் வழியாக மட்டும். நான் சொன்ன தாள் பல நாள் பழையது, நன்றாகக் காய்ந்தது.

எனக்குப் புரியாதது இதுதான்: ஒரே தாள், ஒரே இங்க், வெளிச்சம் மாறினால் எதிரெதிர் நிறமா?

#4 பதினெட்டு_சதம்

அப்படித்தான் ஆகும், மைத்துளி. உங்கள் பிரின்டரிடம் சாம்பல் இங்க்கே கிடையாது. நடுச்சாம்பலுக்கும் வெளிர்சாம்பலுக்கும் அது சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து போடுகிறது. கருப்பு இங்க்கை ஆழமான நிழல்களுக்கு மட்டும்தான் எடுக்கும். வெளிர்ப் பகுதியில் கருப்புத் துளி போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதால் டிரைவர் அதைத் தவிர்க்கிறது. நம்பாவிட்டால் நல்ல லூப் (கைப் பூதக்கண்ணாடி) ஒன்றை எடுத்து வானத்துப் பகுதியைப் பாருங்கள். நீலமும் ரோஜாவும் மஞ்சளுமாகத் தெரியும், சாம்பல் துளி ஒன்றுகூட இருக்காது.

இதில் என்ன சிக்கல் என்றால், மூன்று சாயங்கள் சேர்ந்து உண்டாக்கும் சாம்பலின் ஒளிப் பிரதிபலிப்பு சமமாக இருக்காது. அலைநீள வரைபடத்தில் மேடும் பள்ளமுமாகப் போகும். ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் அந்த மேடு பள்ளங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும். ப்ரொஃபைல் செய்பவர்கள் வழக்கமாக டி50 வெளிச்சத்துக்கு, அதாவது ஏறக்குறைய 5000 கெல்வினுக்கு, அந்த ஈடு வருமாறு அமைக்கிறார்கள். 2700 கெல்வின் விளக்கில் சிவப்புப் பகுதி மிகுதி, நீலம் குறைவு. வடக்குச் சன்னல் வெளிச்சம் நேர்மாறு. கண் வெளிச்சத்தின் நிறத்துக்குப் பழகிக்கொள்ளும், ஆனால் மேடு பள்ளத்துக்குப் பழகாது. இதைத்தான் எல்லோரும் மெட்டமெரிசம் என்கிறோம்.

கார்பன் கருப்பின் வரைபடம் கிட்டத்தட்ட ஒரு சமதளம். எந்த விளக்கைப் போட்டாலும் அது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் விழுங்கும். அதனால் பிரின்டில் எந்த அளவுக்குச் சாம்பல் வேலையைக் கருப்பு இங்க்குகள் செய்கின்றனவோ அந்த அளவுக்குப் பிரின்ட் வெளிச்சத்துக்கு வளையாது. பிரின்டர் கம்பெனிகள் இதைத் தெரிந்துதான் மாற்றிக்கொண்டு வந்தன. எப்சன் 2002-இல் ஒரு வெளிர்க் கருப்பைச் சேர்த்தது. 2005-இல் அல்ட்ராக்ரோம் கே3 வரிசையில் கருப்பு, வெளிர்க் கருப்பு, அதினும் வெளிர்க் கருப்பு என மூன்று அடர்த்திகள் வந்தன. கேனனின் ப்ரோ-1 பிரின்டரில் கருப்பு, சாம்பல் வகை மட்டுமே ஐந்து டப்பா.

ஆகவே நீங்கள் டிரைவர் ஸ்லைடரைத் தள்ளும்போது அந்த ஈடுகட்டும் புள்ளியை ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்குக்கு நகர்த்துகிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு விளக்கிலும் ஒருசேர உட்கார வைக்கும் ஸ்லைடர் கிடையாது.

#5 ஓரவெளிச்சம்

இவ்வளவு எதுக்கு? டிரைவரில் கிரேஸ்கேல் என்று டிக் அடித்தால் கருப்பு இங்க் மட்டும்தானே போகும்? வேலை முடிந்தது.

#6 நெகட்டிவ்_மனசு

அது தாள் செட்டிங்கைப் பொறுத்தது பாஸ். சாதாத் தாள்னு கொடுத்து கிரேஸ்கேல் போட்டா நிறைய பிரின்டர் கருப்பு மட்டும் எடுக்கும். போட்டோ தாள்னு கொடுத்துட்டு அதே டிக்கைப் போட்டா பெரும்பாலும் கலர் இங்க்கை வெச்சுதான் சாம்பல் பண்ணும். டிக் பேரைப் பாத்து ஏமாறக் கூடாது, லூப்பை வெச்சுப் பாக்கணும்.

இன்னொண்ணு. நாலு நிற டாங்க் பிரின்டர் நிறையதுல கருப்பு மட்டும் பிக்மென்ட் (கரையாத நிறத்துகள் மை), மத்த மூணும் டை. க்ளாஸி தாள்ல அந்தப் பிக்மென்ட் கருப்பு ஒட்டாது, கையில வந்துடும். அதனால க்ளாஸி செட்டிங்ல டிரைவர் அதைத் தொடவே தொடாது. நிழல்கூட மூணு கலர் கலவைதான். கருப்பு கருப்பாவே இருக்காது.

#7 ஓரவெளிச்சம்

சரி, லூப்பில் பார்த்துவிட்டேன். நெகட்டிவ் சொன்னதுதான் சரி. ஆனாலும் மேட் தாளில் சாதாச் செட்டிங்கில் கருப்பு மட்டும் அடித்தது எனக்குப் பிடித்தே இருக்கிறது. வெளிர்ப் பகுதியில் மணல் தூவியதுபோல் புள்ளி தெரிகிறது, ஆனால் எந்த விளக்கிலும் பச்சை இல்லை. கிரெய்ன் உள்ள படத்துக்கு அது பொருந்திப் போகிறது.

#8 இருட்டறை_வாசி

பிள்ளைகளே, குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் நியூட்ரல் என்று எல்லோரும் தேடுகிறீர்கள். வெள்ளிப் பிரின்ட் காலத்தில் எந்தத் தாளும் நியூட்ரல் கிடையாது. குளோரோபுரோமைடு தாள் இதமான பழுப்புக்குப் போகும், புரோமைடு தாள் குளிர்ச்சியாக இருக்கும். டெவலப்பரை மாற்றினால் நிறம் மாறும். சில தாள்களில் உலர்ந்தபின் ஒரு பச்சைச் சாயல் வரும், அதைக் கொல்லத்தான் பலபேர் செலினியக் கரைசலில் முக்கினோம். முக்கினால் நிழல் கொஞ்சம் கத்தரி நிறத்துக்குப் போகும். அதைக் கண்டு யாரும் முகம் சுளித்ததில்லை.

ஏன் சுளிக்கவில்லை என்றால், வெள்ளித் துகளின் நிறம் என்னவானாலும் படம் முழுக்க ஒரே குடும்பமாக நகரும். நிழல் ஒரு நிறம், நடு ஒரு நிறம், வெளிர் ஒரு நிறம் என்று சிதறாது. இங்க்ஜெட்டில் கண்ணை உறுத்துவது அந்தச் சிதறல்தான்.

மைத்துளிக்கு என் யோசனை. படம் எங்கே தொங்கப் போகிறதோ அந்த வெளிச்சத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு கலர் இருட்டறையில் ரிங் அரவுண்ட் என்று ஒன்று செய்வோம், அதைச் செய்யுங்கள். ஒரே படத்தைச் சின்னதாகப் பல பிரதி, நடுவில் உள்ளது அப்படியே, சுற்றிலும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் மிகச் சிறிய சாயல். ஒவ்வொன்றுக்கும் நடுவே நல்ல அகலமாக வெள்ளை விடுங்கள். அடுத்தடுத்து ஒட்டி வைத்தால் பச்சைக்குப் பக்கத்தில் உள்ள சாம்பல் சிவப்பாகத் தெரியும், கண் உங்களை முட்டாளாக்கும். மாட்டப்போகும் இடத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

#9 பதினெட்டு_சதம்

ஐயா சொல்லும் ரிங் அரவுண்டுக்கு ஒரு சேர்க்கை: டிரைவர் ஸ்லைடரில் செய்யாதீர்கள். எடிட்டிங்கில் ஒரு கர்வ்ஸ் லேயராக (நிழல், நடு, வெளிர் எனப் பகுதி பகுதியாகத் திருத்தும் வளைகோடு) செய்யுங்கள். அப்போதுதான் நிழலைத் தொடாமல் நடுச்சாம்பலை மட்டும் திருத்த முடியும், அடுத்த படத்துக்கும் அதே லேயரை இழுத்துப் போடலாம்.

#10 பஞ்சுத்தாள்

இதே இழையில் என் பிரச்சினையையும் போடலாமா? என்னிடம் மூன்று கருப்பு உள்ள பிக்மென்ட் பிரின்டர். டிரைவரில் அட்வான்ஸ்டு பிளாக் அண்டு ஒயிட் முறை, டோன் நியூட்ரல். வெள்ளையூட்டி (தாளைப் பளிச்சென்று காட்டும் சாயம்) இல்லாத பருத்தி மேட் தாள். மைத்துளி சொல்வதுபோல் விளக்குக்கு விளக்கு மாறுவதில்லை, அதில் நிம்மதி. ஆனால் வெளிர்ப் பகுதி மஞ்சளோடியும் நிழல் நீலம் கலந்தும் தெரிகிறது. டோனிங் சக்கரத்தைக் குளிர்ச்சி பக்கம் நகர்த்தினால் வெளிர் சரியாகிறது, நிழல் இன்னும் நீலமாகிறது. பளிச்சென்ற வெள்ளைத் தாளில் அடித்தால் இந்தப் பிளவு இல்லை.

#11 பதினெட்டு_சதம்

பஞ்சுத்தாள், உங்களுடையது வேறு கதை, ஆனால் இந்த இழைக்கே உரியது. ஸ்பெக்ட்ரோ (நிறம் அளக்கும் கருவி) யாரிடமாவது கிடைத்தால் 21 படி ஸ்டெப் வெட்ஜ் (வெள்ளையிலிருந்து கருப்பு வரை படிப்படியான சாம்பல் கட்டங்கள்) அடித்து அளந்து பாருங்கள். அளவில் எல் என்பது வெளிச்சம். ஏ கூட்டலில் சிவப்பு, கழித்தலில் பச்சை. பி கூட்டலில் மஞ்சள், கழித்தலில் நீலம். ஏ, பி இரண்டும் பூஜ்யம் என்றால் கருவிக்கு நியூட்ரல்.

இப்போது தாளைப் பாருங்கள். வெள்ளையூட்டி நிறையப் போட்ட தாளின் வெறும் வெள்ளையிலேயே பி மதிப்பு கழித்தல் 5, 6 என்று இருக்கும். வெள்ளையூட்டி இல்லாத பருத்தித் தாளில் கூட்டல் 2, 3 என்று இருக்கும். வெளிர்சாம்பல் என்பது பெரும்பகுதி தாள், கொஞ்சம் இங்க். அங்கே தாளின் நிறம்தான் ஆளும். நிழலில் தாள் முழுக்க மூடிவிடுகிறது, அங்கே இங்க்கின் நிறம் ஆளும். டிரைவரின் நியூட்ரல் எந்தத் தாளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதோ அந்தத் தாளில்தான் இரண்டும் பொருந்தும்.

எல்லாப் படியிலும் ஏ, பி பூஜ்யம் ஆக்கிவிட்டால் தீருமா? தீராது. மஞ்சளோடிய தாளில் வெளிர்ச் சாம்பலைப் பூஜ்யத்துக்கு இழுத்தால் ஓர வெள்ளைக்குப் பக்கத்தில் அது நீலமாகத் தெரியும். கண் தாளின் வெள்ளையை வெள்ளை என்று எடுத்துக்கொண்டுதான் மற்றதை மதிப்பிடுகிறது. அதனால் நான் செய்வது: வெறும் தாளில் தாளின் மதிப்பு, அங்கிருந்து இறங்க இறங்கச் சீராகக் குறைந்து, நிழலில் பூஜ்யம். நடுவில் எங்கும் குண்டு குழி கூடாது.

டோனிங் சக்கரம் மொத்தமாக நகர்த்தும், அதனால் உங்களுக்கு உதவாது. க்வாட்டோன் ரிப்பில் (டிரைவருக்குப் பதிலாக இங்க்கை ஆளும் பிரின்ட் மென்பொருள்) நிழல், நடு, வெளிர் மூன்றுக்கும் கலவையைத் தனித்தனியே கொடுக்கலாம். ஒரு கர்வ் இதமானது, ஒரு கர்வ் குளிர்ச்சியானது, இரண்டையும் எந்த இடத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்வதுதான் வேலை. உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் நிழலில் இதமானதைக் கூட்டிக்கொண்டு வெளிரில் குளிர்ச்சியை லேசாக, மிக லேசாக ஏற்ற வேண்டும்.

#12 இருட்டறை_வாசி

> பதினெட்டு_சதம்: நிழலில் பூஜ்யம்

அம்மா, யார் படத்தைப் பார்க்கப் போகிறார்கள், மனிதர்களா கருவியா? நிழலில் பூஜ்யம் என்று கருவி சொன்ன பிரின்ட் ஒன்றை என்னிடம் காட்டினார்கள். செத்த சாம்பல். உயிரே இல்லை. நிழலில் ஒரு பொட்டு இதம் இருந்தால்தான் கருப்பு ஆழமாகத் தெரியும்.

#13 பதினெட்டு_சதம்

ஐயா, அந்தச் செத்த தன்மைக்குப் பெரும்பாலும் காரணம் நிறம் இல்லை, அடர்த்தி. மேட் தாளில் உச்ச அடர்த்தி 1.6, 1.7 தாண்டுவது கடினம். அதாவது விழும் ஒளியில் 2 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வருகிறது, எல் மதிப்பு 16, 18 பக்கம். பேரியம் பூச்சுள்ள நல்ல பரைட்டா தாளில் 2.3-க்கு மேலும் போகும், எல் 4, 5. முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதோடு ஒப்பிட்டால் எந்த நியூட்ரலும் செத்துத்தான் தெரியும்.

கண்தான் கடைசித் தீர்ப்பு, அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் கண் பத்து நிமிடத்தில் எந்தத் தாளுக்கும் பழகிவிடும். நேற்று நியூட்ரல் என்று முடிவு செய்த பிரின்டையும் இன்று நியூட்ரல் என்று முடிவு செய்த பிரின்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும் கண்ணின் லட்சணம். பத்துப் படம் ஒரே சுவரில் தொங்க வேண்டும் என்றால் எனக்குக் கருவி வேண்டும். ஒற்றைப் படம் என்றால் உங்கள் வழி போதும்.

#14 இருட்டறை_வாசி

பத்துப் படம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். நிழலில் பொட்டு இதம் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#15 பதினெட்டு_சதம்

விட வேண்டாம் ஐயா. பூஜ்யத்துக்குப் பதில் பி கூட்டல் 1 என்று எழுதிக்கொள்கிறேன் 🙂

#16 ஓரவெளிச்சம்

எனக்கு இன்னொரு சந்தேகம். நண்பர் ஒருவரின் பிக்மென்ட் பிரின்ட், பளபளப்புத் தாள். நேராகப் பார்த்தால் அருமையான சாம்பல். சாய்த்தால் நிழல்கள் செம்பு நிறத்தில் மின்னுகின்றன. இதுவும் மெட்டமெரிசமா?

#17 நெகட்டிவ்_மனசு

இல்ல பாஸ், இது ப்ரான்சிங். மெட்டமெரிசம் விளக்கை மாத்தினா வரும், இது கோணத்தை மாத்தினா வரும். பிக்மென்ட் துகள் தாளுக்கு மேல உக்காந்திருக்கறதால மேற்பரப்புல இருந்தே ஒளி நிறத்தோட திரும்பி வருது. சில பிரின்டர்ல நிறமில்லாத பூச்சு ஒண்ணை மேல அடிக்கும், அது நல்லாவே குறைக்கும். கண்ணாடி போட்டு மாட்டினாலும் பாதி மறைஞ்சுடும். மேட் தாள்ல இந்தத் தொல்லையே கிடையாது. கர்வை மாத்தி இதைச் சரி பண்ண முடியாது, அங்க நேரத்தை விடாதீங்க.

#18 மட்டுறுத்துநர்

எந்த கம்பெனி பிரின்டர் உயர்ந்தது என்ற மூன்று பதிவுகள் வேறு இழைக்கு நகர்த்தப்பட்டன. இங்கே சாம்பல் மட்டும்.

#19 மைத்துளி

ஐயா சொன்ன ரிங் அரவுண்டை அக்கா சொன்னபடி கர்வ்ஸ் லேயரில் செய்தேன். படம் தொங்கப் போவது மாடிப்படிச் சுவர். பகலில் சன்னல், ராத்திரி எல்இடி, இரண்டும் உண்டு. அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை! கடைசியில் சிவப்பும் மஞ்சளும் லேசாகச் சேர்ந்த பிரதிதான் இரண்டு நேரத்திலும் உறுத்தாமல் இருக்கிறது. இப்போதும் பகலில் இருப்பது ராத்திரியில் மாறுகிறது. ஆனால் பழுப்பு கொஞ்சம் கூடுகிறது குறைகிறது, அவ்வளவுதான். பச்சை என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்று விளங்கவில்லை. எல்இடி 4000 கெல்வின் என்று போட்டிருக்கிறது. அதன் கீழே படம் மட்டுமல்ல, தாளின் ஓர வெள்ளையே மஞ்சளாக இருக்கிறதே?

#20 பதினெட்டு_சதம்

தாளில் உள்ள வெள்ளையூட்டிதான் காரணம். அது புற ஊதா ஒளியை விழுங்கி நீலமாகத் திருப்பித் தரும் சாயம். சன்னல் வெளிச்சத்தில் புற ஊதா உண்டு, தாள் பளிச்சென்று நீலவெள்ளையாகத் தெரியும். வழக்கமான வெள்ளை எல்இடி, நீல எல்இடியின் மேல் பாஸ்பர் பூசியது. அதில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. வெள்ளையூட்டி தூங்கிவிடுகிறது, தாள் தன் சொந்த நிறத்துக்கு வருகிறது. புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டாலும் இதேதான் நடக்கும்.

ஆக உங்கள் பிரின்டில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நகர்கின்றன. கலவைச் சாம்பல் ஒரு பக்கம், தாள் இன்னொரு பக்கம். வெள்ளையூட்டி இல்லாத தாளுக்கு மாறினால் ஒன்றாவது நிற்கும்.

அளக்கும்போதும் இது இடிக்கும். 2009-இன் ஐஎஸ்ஓ 13655-இல் எம்1, எம்2 என்று அளவு நிலைகள் உண்டு. எம்1-இல் டி50-க்கு இணையான புற ஊதா இருக்கும், எம்2-இல் புற ஊதா வெட்டப்பட்டிருக்கும். எல்இடிக்குக் கீழே கண்ணாடி போட்டு மாட்டும் படத்துக்கு எம்2-இல் அளந்த ப்ரொஃபைல்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

விளக்கு வாங்கினால் கெல்வினை மட்டும் பார்க்காமல் நிறத்தரம் (பெட்டியில் சிஆர்ஐ என்று இருக்கும்) 90-க்கு மேல் உள்ளதைப் பாருங்கள். தரம் குறைந்த எல்இடியில் நல்ல சாம்பல் இங்க்கில் அடித்த பிரின்ட்கூட கொஞ்சம் தடுமாறும். டிரைவர் அதில் சாயலுக்கென்று துளி கலர் போடத்தான் செய்கிறது.

#21 இருட்டறை_வாசி

லேசான இதம் மறைத்துவிடுகிறது என்பது மைத்துளியே கண்டுபிடித்தது. பலே. நடுச்சாம்பலில்தான் கண் கத்தியைப்போல் கூர்மை. அங்கிருந்து ஓர் அடி விலகி நின்றால் சின்ன மாற்றம் தெரியாது. தெரிந்தே விலகி நிற்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

#22 ஓரவெளிச்சம்

அப்படியானால் எல்லாவற்றையும் செபியாவில் அடித்துவிடலாமே ஐயா, பிரச்சினையே இராது 😀

#23 இருட்டறை_வாசி

பொட்டு என்றேன். குளிப்பாட்டச் சொல்லவில்லை.

#24 மைத்துளி

வெளிர் சயான், வெளிர் மெஜந்தா டப்பாக்களில் சாம்பல் இங்க்கை ஊற்றி க்வாட்டோன் ரிப் வழியாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று படித்தேன். என் பிரின்டருக்கு அது சாத்தியமா? சாத்தியம் என்றால் செய்யலாமா?

#25 நெகட்டிவ்_மனசு

உங்க மாடல் அந்த ரிப்போட பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. அது எப்சன் பிரின்டருக்குன்னே எழுதினது, எல்லா மாடலும் கிடையாது. பட்டியல்ல இல்லன்னா அத்தோட விட்டுடுங்க. சாதா டிரைவருக்கு நீங்க இங்க்கை மாத்தினது தெரியாது, வெளிர் மெஜந்தான்னு நெனச்சு சாம்பலை ஊத்தும்.

இருந்தா, சாத்தியம்தான். அந்த ஹெட் பீசோ வகை, இங்க்கைச் சூடாக்காம அழுத்தித் தள்ளுறது, அதனால பல வகை இங்க்கை ஏத்துக்கும். பீசோகிராஃபின்னு ஜான் கோன் பண்ணதெல்லாம் இதோட பெரிய அண்ணன், எல்லா டப்பாவுலயும் வேற வேற அடர்த்தில கருப்பு. வெளிர்ப் பகுதில புள்ளியே தெரியாது, அவ்வளவு வழவழப்பு.

ஆனா மூணு எச்சரிக்கை. மாத்தினா கலர் பிரின்டரா திரும்பி வராதுன்னு நெனச்சுக்கிட்டு மாத்துங்க. குழாய் முழுக்கக் கழுவணும், இங்க் பாதி வீணாப் போகும். கார்பன் பிக்மென்ட் அடில படியும், வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டணும், டப்பாவை லேசா ஆட்டணும். மூணாவது, சுத்தக் கார்பன் நியூட்ரல் இல்ல. இதம். தண்ணியாக்கத் தண்ணியாக்க இன்னும் பழுப்பாப் போகும். அதை நடுவுக்கு இழுக்கக் கொஞ்சம் சயானும் அதைவிடக் கம்மியா மெஜந்தாவும் வேணும். அதனால ஒரு டப்பாவுல சாயம் கலந்த டோனர் வெச்சுக்குவாங்க.

#26 பதினெட்டு_சதம்

நெகட்டிவ் சொன்ன மூன்றாவதை அடிக்கோடிடுகிறேன். கார்பனை முழு நியூட்ரலுக்கு இழுக்க எவ்வளவு கலர் போடுகிறோமோ அந்த அளவுக்கு மெட்டமெரிசமும் மங்குதலும் திரும்ப வரும். சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. கலவைச் சாம்பல் சில வருடத்தில் ஏதோ ஒரு பக்கம் சாய்வது அதனால்தான். கார்பன் பிக்மென்ட் ஒளிக்கு அசையாது. பாதி வழி மட்டும் இழுத்து, இதத்தில் நிறுத்திக்கொள்ளும் ஆட்கள் நிறைய. ஐயாவுக்கு இது பிடிக்கும்.

என் கருத்தைக் கேட்டால், மைத்துளி, ஒரே பிரின்டர்தான் இருக்கிறது, கலரும் அதில்தான் அடிக்கிறீர்கள் என்றால் மாற்ற வேண்டாம். இப்போதுள்ள இதமான லேயரையும் வெள்ளையூட்டி இல்லாத தாளையும் வைத்து ஓட்டுங்கள். அடுத்து எப்போது பிரின்டர் வாங்கினாலும் சாம்பல் இங்க் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். எத்தனை நிறம் என்ற மொத்த எண்ணிக்கை கருப்பு வெள்ளைக்கு ஒன்றும் சொல்லாது.

#27 பஞ்சுத்தாள்

அக்கா சொன்னபடி க்வாட்டோன் ரிப்பில் மூன்று பகுதிக்கும் தனித்தனியே கலவை கொடுத்துப் பார்த்தேன். கிடைத்த ஸ்பெக்ட்ரோவில் அளந்ததில் வெறும் தாளில் பி கூட்டல் 3-க்குச் சற்றுக் குறைவு, கீழே வர வர இறங்கி, கடைசி மூன்று படிகளில் 1-க்குள். நிழலின் நீலம் போய்விட்டது. ஆனால் ஒரு சின்னக் குறை: 80, 85 சதவீதத்தில் இரண்டு படிகள் ஏறக்குறைய ஒரே கருமை. தலைமுடியில் விவரம் அடைபடுகிறது.

#28 பதினெட்டு_சதம்

நிறம் முடிந்தது, இனி லீனியரைசேஷன் (படிகளின் கருமையைச் சம இடைவெளியில் அமைப்பது) மட்டும்தான் பாக்கி. தாள் எல் 97, கருப்பு எல் 17 என்றால் நடுவில் 80. 21 படியில் 20 இடைவெளி, ஒவ்வொன்றும் சுமார் 4 இறங்க வேண்டும். அளந்த எல் மதிப்புகளை க்வாட்டோனின் லீனியரைஸ் வரியில் வரிசையாகக் கொடுத்தால் அதுவே கர்வை வளைத்துக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் வெட்ஜ் நன்றாக உலரட்டும், மேட் தாளில் கடைசிப் படிகள் ஈரத்தில் வேறு மாதிரி அளக்கும். அதன் பிறகும் கடைசி இரண்டு படிகள் ஒட்டிக்கொண்டே இருந்தால் இங்க் அளவு அதிகம். லிமிட்டைக் குறையுங்கள், கருப்பு குறையாது, விவரம் திரும்பி வரும்.

#29 ஓரவெளிச்சம்

ஸ்பெக்ட்ரோ இல்லாதவன் 21 படி வெட்ஜை என்ன செய்வது?

#30 நெகட்டிவ்_மனசு

கண்ணால பாக்கலாம் பாஸ். 0, 5, 10ன்னு 100 வரைக்கும் சதவீதம் வெச்சு ஒரே வரிசைல கட்டம் போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ எண்ணைப் போடுங்க. வழக்கமா அடிக்கற அதே தாள், அதே செட்டிங், அதே லேயர் மேல அடிச்சு ஒரு நாள் காய வைங்க. ரெண்டு அட்டைத்துண்டுல ஒரே அளவு ஓட்டை வெட்டி, அடுத்தடுத்த ரெண்டு கட்டத்தை மட்டும் தெரியற மாதிரி மூடிப் பாருங்க. எந்த ரெண்டுக்கு வித்தியாசம் தெரியலையோ அங்க கர்வை இழுக்கணும். எந்தக் கட்டத்துல திடீர்னு நிறம் மாறுதோ அந்த எண்ணைக் குறிச்சுக்கிட்டு லேயர்ல அந்தப் புள்ளிய மட்டும் தொடுங்க. சன்னல்ல ஒரு தடவை, விளக்குல ஒரு தடவை. அட்டை கலர் அட்டையா இருக்கக் கூடாது, சாம்பலோ கருப்போ எடுத்துக்குங்க.